அத்தியாயம் 6: பெயருக்கு முன்னால் எந்த உருவம்?

'பிளாக்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ஒரு நிரல் வட்டிலிருந்து ஒரு கோப்பைக் கேட்கிறது. கோப்பு வந்து சேரும்வரை, அந்த அழைப்பை விடுத்த த்ரெட் வேறு வேலை பார்க்காமல் நிற்கிறது. இங்கே நிறுத்தி வைத்தது அழைப்பு, நிறுத்தப்பட்டது த்ரெட். ஆகவே ஆவணத்தில் 'பிளாக்கிங் கால்' என்றும் 'பிளாக்டு த்ரெட்' என்றும் எழுத வேண்டும். ஈற்றை மாற்றி 'பிளாக்டு கால்' என்று எழுதிவிட்டால், அழைப்பையே ஏதோ ஒன்று தடுத்துவிட்டது என்று பொருளாகிவிடும். நள்ளிரவில் சர்வர் நின்றுபோய் உங்கள் கையேட்டைத் திறந்து வைத்திருப்பவர், நிரலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஃபயர்வால் விதிகளைத் துழாவிக்கொண்டிருப்பார்.

ஒரு தொழில்நுட்ப வினையிலிருந்து பெயரடை செய்யும்போது, எது காதுக்குச் சரியாக ஒலிக்கிறது என்று பார்ப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். உருவத்தை முடிவு செய்ய வேண்டியது, அடுத்து வரும் பெயர். அந்தப் பெயருக்கு அந்தச் செயலில் என்ன பங்கு என்று கேட்டுவிட்டால், பத்தில் எட்டு இடங்களில் ஈறு தானே வந்து நிற்கும்.

தமிழ் தரும் வசதி, ஆங்கிலம் கேட்கும் கணக்கு

'சோதித்த' என்ற ஒரே பெயரெச்சம் தமிழில் எதற்கு முன்னாலும் நிற்கும். சோதித்த பொறியாளர், சோதித்த பலகை, சோதித்த கருவி, சோதித்த கூடம், சோதித்த நாள். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள் ஆகிய ஆறு வகைப் பெயர்களையும் பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூல் இலக்கணம் வகுத்திருக்கிறது. யார் செய்தார், எதன்மேல் நடந்தது என்பதைக் கேட்பவர் சூழலை வைத்து அறிந்துகொள்கிறார்.

ஆங்கிலம் அந்தக் கணக்கை எழுதுபவரிடமே கேட்கிறது. 'டெஸ்டட் போர்டு' சரி. ஆனால் 'டெஸ்டட் இன்ஜினியர்' என்றால் பொறியாளருக்கே பரீட்சை வைத்ததாகிவிடும். 'டெஸ்டட் டேட்' என்ற தொடரும் அப்படித்தான்: நாளைச் சோதித்ததாகச் சொல்கிறது. அங்கே 'டெஸ்ட் டேட்' போதும். நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் பெயரடைப் பிழைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. தமிழில் நினைக்கும்போது தேவைப்படாத ஒரு முடிவை ஆங்கிலத்தில் எடுத்தாக வேண்டும். அதை எடுக்க மறந்துவிடுகிறோம்.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: பெயர் அந்தச் செயலைத் தானே செய்கிறதா? ஆம் என்றால் 'இங்' உருவம். ரன்னிங் பிராசஸ், லிசனிங் போர்ட், பிரேக்கிங் சேஞ்ச்.

இரண்டாவது: செயல் அதன்மேல் நடந்து முடிந்துவிட்டதா? ஆம் என்றால் 'எட்' உருவம். என்கிரிப்டட் டிஸ்க், கம்ப்ரெஸ்டு ஃபைல். சில வினைகளுக்கு இந்த உருவம் தனியாக இருக்கும்: ஹிட்டன் ஃபீல்டு, பிரோக்கன் லிங்க், ரிட்டன் ரெக்கார்டு.

மூன்றாவது: செயல் இன்னும் நடக்கவில்லை, ஆனால் அதன்மேல் நடத்த முடியுமா? ஆம் என்றால் 'ஏபிள்' உருவம். எடிட்டபிள் ஃபீல்டு, பிரிண்டபிள் ரிப்போர்ட்.

நான்காவது: அந்தச் செயலுக்காகவே அந்தப் பொருள் இருக்கிறதா? ஆம் என்றால் மறுபடியும் 'இங்'. சைனிங் கீ என்பது கையெழுத்திடப் பயன்படும் சாவி. சாவி தானாகக் கையெழுத்திடுவதில்லை. வெல்டிங் ராட், கட்டிங் ஆயில், பில்லிங் அட்ரஸ் எல்லாம் இந்த வகை. தமிழில் இதற்கு நிகராக வினைத்தொகை இருக்கிறது. குடிநீர் என்பது குடிப்பதற்கென்று உள்ள நீர். ஆங்கிலத்திலும் அது 'டிரிங்கிங் வாட்டர்'தான். 'டிரிங்கபிள் வாட்டர்' என்றால் குடிக்கத் தகுந்த நிலையில் இருக்கும் நீர். ஒன்று நோக்கத்தைச் சொல்கிறது, மற்றது தகுதியைச் சொல்கிறது.

'மவுண்ட்' என்ற ஒரே வினையில் மூன்று ஈறுகளையும் பார்க்கலாம். சுவரில் கருவியைப் பொருத்த உதவுவது மவுண்டிங் பிராக்கெட். கணினியில் ஏற்கெனவே இணைக்கப்பட்டுவிட்டது மவுண்டட் டிரைவ். இணைக்கத் தகுந்த வடிவில் இருப்பது மவுண்டபிள் இமேஜ். மூன்றில் எதையும் மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

'ஃபெயிலிங் டெஸ்ட்', 'ஃபெயில்டு டெஸ்ட்' இரண்டையும் கவனியுங்கள். முதலாவது, எப்போது ஓட்டினாலும் தோற்றுக்கொண்டிருக்கும் சோதனை. அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, நடந்து முடிந்த ஓட்டத்தில் தோற்ற சோதனை. மறுபடி ஓட்டினால் வெற்றி பெறவும் கூடும். வெளியீட்டுக்கு முந்தைய நாள் எழுதும் குறிப்பில் இந்த வேறுபாடு முக்கியம்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதித்தொகுப்பு இதில் மிகவும் கண்டிப்பானது. இறந்தகால எச்சமாக வரும் 'எட்' உருவத்தை அது பெயரடையாக மட்டுமே அனுமதிக்கிறது. 'இங்' உருவத்தைத் தொழில்நுட்பப் பெயர்களுக்குள் மட்டும் விட்டுவைக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத பணியாளர் ஒருவர் விமானத்தின் அடியில் நின்று படிக்கும்போது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் கையேட்டைப் படிப்பவருக்கும் அதே உரிமை உண்டு.

நிகழ்ந்த பிழை

'நிகழ்ந்த பிழை' என்று தமிழில் எழுதலாம். அதை அப்படியே 'அக்கர்டு எரர்' என்று ஆங்கிலத்தில் எழுத முடியாது. 'தி எரர் தட் அக்கர்டு' என்று விரித்துத்தான் எழுத வேண்டும். 'அக்கர்', 'ஹேப்பன்', 'எக்சிஸ்ட்' ஆகியவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். இவற்றின் 'எட்' உருவம் பெயருக்கு முன்னால் நிற்காது.

அப்படியானால் 'எக்ஸ்பயர்டு டோக்கன்', 'கிராஷ்டு சர்வர்', 'எலாப்ஸ்டு டைம்' எப்படிச் சரியாகின்றன? அவையும் செயப்படுபொருள் குன்றியவைதானே? அங்கே பெயர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய், அந்தப் புதிய நிலையிலேயே நிற்கிறது. காலாவதியான டோக்கன் காலாவதியானதாகவே இருக்கிறது. செயல் முடிந்த பிறகு பெயரின்மேல் ஒரு நிலை தங்குகிறதா என்று பாருங்கள். தங்கினால் 'எட்' முன்னால் வரலாம். தங்காவிட்டால் 'தட்' போட்டு விரித்து எழுதுங்கள்.

'மிஸ்டு ஃபைல்' என்பதும் அடிக்கடி கண்ணில் படும் பிழை. 'மிஸ்டு கால்' நமக்குப் பழகிய தொடர். அழைப்பை ஒருவர் தவறவிட்டார், அது சரி. கோப்பை யாரும் தவறவிடவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எனவே 'மிஸ்ஸிங் ஃபைல்'.

'ஏபிள்' சொல்வது என்ன

ஏதேனும் ஒரு செயலுக்கு உட்படும் தகுதியைக் குறிப்பதுதான் 'ஏபிள்' ஈற்றின் முதன்மைப் பொருள். 'ரீடபிள்' என்றால் படிக்கப்படக்கூடியது. படிக்கத் தெரிந்தது என்று பொருளில்லை. பதிவிறக்க அனுமதி உள்ள பயனரை 'டவுன்லோடபிள் யூசர்' என்று எழுதினால், பயனரையே பதிவிறக்கலாம் என்றாகிவிடும். 'வேரியபிள்', 'பெரிஷபிள்' போன்ற சில பழைய சொற்கள் மட்டும் தாமே மாறுபவை, தாமே அழிபவை என்ற பொருளைத் தாங்கி நிற்கின்றன. புதிதாக நாம் உருவாக்கும் சொற்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

கணினி மொழிகள் இந்த ஈற்றை எவ்வளவு கவனமாக ஆள்கின்றன என்பதைப் பைத்தான் பிழைச்செய்திகளிலேயே காணலாம். ஓர் எண்ணைச் செயற்கூறுபோல அழைத்தால் 'நாட் காலபிள்' என்கிறது. அதன்மேல் ஃபார் சுழற்சி ஓட்டினால் 'நாட் இட்டரபிள்'. ஒரு பட்டியலை அகராதியின் சாவியாக வைத்தால் 'அன்ஹேஷபிள் டைப்'. ஒவ்வொன்றும் அந்தப் பொருளின்மேல் எந்தச் செயலை நடத்த முடியாது என்பதை ஒரே பெயரடையில் சொல்லிவிடுகிறது. ஜாவாவில் 'கம்பேரபிள்' என்பது ஒப்பிடத் தகுந்த பொருளுக்கு. ஒப்பிடும் வேலையைச் செய்வதற்கு 'கம்பேரேட்டர்' என்று வேறு பெயர். செய்வதையும் செய்யப்படத் தகுந்ததையும் அது கலக்கவில்லை.

வன்பொருளிலும் அப்படியே. இன்டெல் நிறுவனத்தில் 1971-இல் உருவான ஈபிராம் நினைவகத்தின் விரிவு 'இரேசபிள் புரோகிராமபிள் ரீட்-ஒன்லி மெமரி'. சில்லின் மேலிருக்கும் சிறு கண்ணாடிச் சன்னல் வழியாகப் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, உள்ளே எழுதியதை அழித்து, மறுபடி எழுதலாம். அந்த இரண்டு 'ஏபிள்'களும் சேர்ந்துதான் அந்தச் சில்லின் தனித்தன்மையைச் சொல்கின்றன. 'இரேஸ்டு' என்று எழுதினால் அது வெறும் காலிச் சில்லு.

'எட்'டையும் 'ஏபிள்'ளையும் மாற்றி வைத்தால் என்ன நேரும் என்பதற்கு எச்டிடிபி நிலைக்குறியீட்டுப் பட்டியலின் எண் 304 நல்ல எடுத்துக்காட்டு. 'நாட் மாடிஃபைடு' என்றால், நீங்கள் வைத்திருக்கும் நகலுக்குப் பிறகு பக்கம் மாறவில்லை, அதையே பயன்படுத்துங்கள் என்று பொருள். 'நாட் மாடிஃபையபிள்' என்று இருந்தால், அந்தப் பக்கத்தை மாற்றவே முடியாது என்று படிக்க நேரும். அதே பட்டியலில் எண் 416 'ரேஞ்ச் நாட் சாட்டிஸ்ஃபையபிள்'. கேட்ட பகுதி கோப்பிலேயே இல்லை. அந்தக் கோரிக்கையை நிறைவேற்ற முடியாது. ஒன்று நடக்காததைச் சொல்கிறது, மற்றது நடக்க முடியாததைச் சொல்கிறது.

எழுத்துக்கூட்டல்

ஏ எழுத்தா, ஐ எழுத்தா? புதிதாக உருவாகும் சொல்லின் ஈறு எப்போதும் ஏ எழுத்தில்தான் தொடங்கும்: கிளிக்கபிள், ஹேஷபிள், அவெய்ட்டபிள். ஐ எழுத்தில் தொடங்கும் ஈறு உள்ளவை லத்தீன் வழி வந்தவை. அந்தப் பட்டியலில் புதிய சொற்கள் சேர்வதில்லை. அடிக்கடி தேவைப்படுபவை: ஆக்சஸிபிள், கம்பேட்டிபிள், ரிவர்சிபிள், கன்வர்ட்டிபிள், எக்ஸ்டென்சிபிள், டிவிசிபிள், விசிபிள், கொலாப்சிபிள். இவற்றை மனப்பாடம் செய்வதே சுருக்க வழி. ஆய்வுத்தரவுகளுக்காக 2016-இல் வெளியான 'ஃபேர்' கொள்கையின் நான்கு சொற்களில் ஃபைண்டபிள், இன்டர்ஆபரபிள், ரீயூசபிள் மூன்றும் ஏ. ஆக்சஸிபிள் மட்டும் ஐ.

கடைசியில் ஒலிக்காத இ இருந்தால் அதை விட்டுவிடுங்கள்: யூசபிள், ஸ்கேலபிள், ரீசைசபிள். சி, ஜி எழுத்துகளுக்குப் பின் வரும் இ-யை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ரீபிளேசபிள், டிரேசபிள், மேனேஜபிள். அதை எடுத்துவிட்டால் அந்த எழுத்துகளின் ஒலி மாறிவிடும். 'கேஷ்' என்ற வினையிலும் இ தங்கும். எச்டிடிபி விதிநூல் அப்படித்தான் எழுதுகிறது. ஜாவா தன் 'க்ளோனபிள்', 'குளோசபிள்' இரண்டிலும் விதிக்கு மாறாக இ-யை வைத்திருக்கிறது. பிஹெச்பி மொழியில் 'ரைட்டபிள்' என்ற சோதனைச் செயற்கூறு இ உள்ளதும் இல்லாததுமாக இரண்டு பெயர்களில் கிடைக்கிறது. நிரலில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். உங்கள் வாக்கியத்தில் வரும் சாதாரணச் சொல்லுக்கு ஓர் அகராதியைத் தேர்ந்து, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

குறுகிய உயிரும் ஒற்றை மெய்யுமாக முடியும் ஓரசைச் சொல்லில் கடைசி மெய் இரட்டிக்கும்: ரன்னபிள், பிளக்கபிள், டிராகபிள், ஸ்வாப்பபிள். கடைசி அசையில் அழுத்தம் விழும் 'டீபக்' போன்றவற்றுக்கும் இதுவே விதி.

மெய்யெழுத்துக்குப் பின் ஒய் வந்து முடிந்தால் ஒய் போய் ஐ வரும்: வெரிஃபையபிள், மாடிஃபையபிள். உயிரெழுத்துக்குப் பின் வந்தால் ஒய் அப்படியே நிற்கும்: டிப்ளாயபிள்.

'ஏட்' என்று முடியும் வினைகளில், நீண்ட சொற்கள் பெரும்பாலும் அந்த 'ஏட்'டை உதிர்க்கும்: இட்டரேட் இட்டரபிள் ஆகும், எனுமரேட் எனுமரபிள் ஆகும். இரண்டசைச் சொற்கள் அதை வைத்துக்கொள்ளும்: டிரான்ஸ்லேட்டபிள், கிரியேட்டபிள், ரொட்டேட்டபிள். எஸ்க்யூஎல் ஆவணங்களில் வரும் அப்டேட்டபிள் வியூ, லினக்ஸ் பயன்படுத்தும் ஈஎல்எஃப் வடிவத்தில் வரும் ரீலொகேட்டபிள் ஃபைல் ஆகியவற்றிலும் 'ஏட்' உதிரவில்லை.

லத்தீன் வழியில் கிளைத்த பெயரடைகள்

சில வினைகளுக்கு 'இங்', 'எட்', 'ஏபிள்' தவிர வேறு பெயரடைகளும் உண்டு. இவற்றை விதி கொண்டு ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றும் தன் துறையில் தனிப்பொருள் பெற்று நிலைத்துவிட்டது.

'ரெக்கர்', அதாவது மீண்டும் வருதல், சிறந்த எடுத்துக்காட்டு. மாதாமாதம் கணக்கிலிருந்து போகும் தொகை ரெக்கரிங் பேமென்ட். முந்தைய படியின் விளைவு அடுத்த படிக்கு மறுபடி உள்ளே வரும் நரம்பியல் வலை ரெக்கரன்ட் நெட்ஒர்க். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ரெக்கர்சிவ் ஃபங்ஷன். மூன்றும் ஒரே வேர். ரெக்கர்சிவ் நெட்ஒர்க் என்று வேறொரு வகை வலையும் இருப்பதால், ஈற்றை மாற்றினால் வேறொரு கருவியைப் பற்றிப் பேசியதாகிவிடும்.

'அடாப்டபிள்' என்றால் பிறர் மாற்றி அமைக்கலாம். 'அடாப்டிவ்' என்றால் தானே சூழலுக்கேற்ப மாறிக்கொள்ளும். 'ஐவ்' ஈறு பெரும்பாலும் செய்யும் பக்கத்தைச் சேர்ந்தது. 'பெர்சிஸ்டட் டேட்டா' சேமித்து வைக்கப்பட்ட தரவு. 'பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜ்' மின்சாரம் போனாலும் அழியாமல் வைத்திருக்கும் சேமிப்பகம். 'டெப்ரிகேட்டட்', 'டெப்ரிஷியேட்டட்' என்ற இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். முன்னது, இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவிக்கப்பட்ட வசதி. பின்னது, தேய்மானத்தால் மதிப்புக் குறைந்த சொத்து. இரண்டாவது கணக்காளரின் சொல்.

'அன்' சேரும்போது எச்சரிக்கை

'அன்இன்ஸ்டாலபிள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 'இன்ஸ்டாலபிள்' என்பதற்கு முன்னால் 'அன்' வந்தால் நிறுவ முடியாதது. 'அன்இன்ஸ்டால்' என்பதற்குப் பின்னால் 'ஏபிள்' வந்தால் நீக்கிவிட முடிவது. 'அன்லாக்கபிள்', 'அன்டூவபிள்' இரண்டிலும் இதே சிக்கல். விண்டோஸ் பிழைத்திரையில் வரும் 'அன்மவுண்டபிள் பூட் வால்யூம்' என்ற செய்தி, தொடக்க வட்டை இணைக்க முடியவில்லை என்கிறது. ஆனால் இணைத்ததைக் கழற்றிவிடலாம் என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும். எதிர்ச்செயலுக்கு 'அன்' சேரும் வினைகளில் பெயரடையைக் கைவிட்டு, 'கெனாட் பி இன்ஸ்டால்டு', 'கேன் பி ரிமூவ்டு' என்று வாக்கியமாக எழுதுங்கள். இரண்டு சொல் கூடினாலும் குழப்பம் தீரும்.

நம் சாலைகளில் எண்ணெய் டேங்கர்களின் பின்னால் இன்றும் காணப்படும் 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லும் இதே வகை ஆபத்தைக் கொண்டது. 'இன்ஃப்ளேம்' என்ற வினையிலிருந்து வந்து, தீப்பற்றக்கூடியது என்று பொருள் தரும் சொல் அது. முன்னால் நிற்கும் 'இன்' எதிர்மறையைப்போலத் தோன்றுவதால், தீப்பற்றாதது என்று தவறாகப் படிக்க இடமுண்டு. அமெரிக்காவில் தீத்தடுப்பு அமைப்பினர் 1920-களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார்கள். சரியான சொல்லாக இருந்தும் தவறாகப் படிக்க வாய்ப்பிருந்தால், பாதுகாப்பு எச்சரிக்கையில் அதற்கு இடமில்லை.

பெயர் சூட்டும்போது

நிரலில் பெயராக மாறும் பெயரடைக்கு இரட்டிப்புக் கவனம் தேவை. ஸ்விஃப்ட் மொழியின் வழிகாட்டி, திறனைக் குறிக்கும் புரோட்டோகால்களுக்கு 'ஏபிள்', 'இபிள்', 'இங்' ஈறுகளைப் பரிந்துரைக்கிறது. அதே மொழியில் 'சார்ட்' என்றால் பட்டியலையே மாற்றும். 'சார்ட்டட்' என்றால் பட்டியலைத் தொடாமல், வரிசைப்படுத்திய புதிய நகலைத் தரும். பைத்தானிலும் இப்படி ஓர் இணை உண்டு. ஈற்றைப் பார்த்தே தன் தரவு பத்திரமா என்பதை நிரலாளர் அறிந்துகொள்கிறார்.

பெயர் ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்பி வராது. எச்டிடிபியின் 'ரெஃபரர்' தலைப்பில் ஓர் ஆர் குறைந்த எழுத்துப்பிழை 1996-இல் வெளியான விதிநூலிலேயே இருக்கிறது. இன்றுவரை எல்லா உலாவிகளும் அந்தப் பிழையோடுதான் அதை அனுப்புகின்றன. வெளியிடும் முன் அகராதியைத் திறக்கும் ஒரு நிமிடம் வீண்போகாது.

பயிற்சி

ஒவ்வொன்றையும் ஆங்கிலப் பெயரடையாக்குங்கள். முதலில் பெயரின் பங்கைச் சொல்லுங்கள், பிறகு ஈற்றைத் தேர்ந்தெடுங்கள்.

1. 'ஸ்கேன்': ஏற்கெனவே ஸ்கேன் செய்துவிட்ட பக்கம்.
2. 'ஸ்கேன்': ஸ்கேன் செய்ய உதவும் மென்பொருள்.
3. 'ஸ்கேன்': கேமராவால் ஸ்கேன் செய்யத் தகுந்த குறியீடு.
4. 'அப்பியர்': திரையில் தோன்றிய செய்தி.
5. 'லோடு': ஏற்ற முடியாத செருகுநிரல்.

விடைகள்:

1. செயலுக்கு உட்பட்டது, ஸ்கேன்டு பேஜ்.
2. செயலுக்காக இருப்பது, ஸ்கேனிங் சாஃப்ட்வேர்.
3. உட்படத் தகுந்தது, ஸ்கேனபிள் கோடு, என் எழுத்து இரட்டிக்கும்.
4. செயப்படுபொருள் குன்றியது, நிலை தங்காதது. 'தி மெசேஜ் தட் அப்பியர்டு' என்று விரிக்க வேண்டும்.
5. 'அன்லோடபிள்' இருபொருள் தரும். 'தி பிளக்-இன் கெனாட் பி லோடட்' என்று எழுதுங்கள்.

ஐந்தும் சரியாக வந்தால், நீங்கள் கடைசியாக எழுதிய கையேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயரடையின் அருகிலும் பென்சிலால் அதே கேள்வியை எழுதிப் பாருங்கள். பதில் உடனே வராத இடங்களே திருத்த வேண்டிய இடங்கள்.